குஸாரா: விற்ற உரிமையும் விற்க இயலாத உரிமையும்

எகிப்து மக்களின் அன்றாடப் பேச்சில் அடிக்கடி ஒலிக்கும் சொல் 'குஸாரா'. நூல்வழக்கில் அது 'கஸாரா' எனப்படும். வாணிபத்தில் இட்ட முதலை இழப்பது அதன் அடிப்படைப் பொருள். 'அல்அஸ்ர்' அத்தியாயத்தை ஓதத் தெரிந்த எவருக்கும் இச்சொல்லின் வேர் அந்நியமானதன்று. மனிதன் அடையும் நஷ்டத்தைக் குறிக்க அங்கே வரும் 'குஸ்ர்' என்பதும் இதே வேரினின்று கிளைத்ததுதான். இச்சொல்லையே இரட்டித்துத் தலைப்பாகக் கொண்ட எகிப்தியத் திரைப்பாடல் ஒன்றின் இசை, உரிய அனுமதியின்றி எடுத்தாளப்பட்டதாக அமெரிக்க நீதிமன்றத்தில் எழுந்த வழக்கு 2007-இல் தொடங்கி 2018 வரை நீடித்தது. ஒரு கலைஞரின் ஆக்கத்தை இசைவின்றிப் பயன்படுத்தினால் சட்டத்தில் என்ன விளையும் என்பதை அறிய விழைவோர்க்கு இவ்வழக்கு சிறந்ததொரு பாடமாகும். சட்டம் வாய் திறக்க மறுக்கும் இடத்தில் என்ன எஞ்சுகிறது என்னும் வினாவையும் அது நம்முன் வைக்கிறது. அரபு மொழியையும் ஃபிக்ஹையும் பயிற்றுவிப்பவன் என்ற முறையில் அத்தீர்ப்பை மதிப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாடலும் வழக்கும்

1957-இல் எகிப்தில் வெளியான 'ஃபதா அஹ்லாமீ' (என் கனவுகளின் நாயகன்) என்னும் திரைப்படத்தில் அப்துல் ஹலீம் ஹாஃபிழ் பாடியது 'குஸாரா குஸாரா'. பிரிவை எண்ணி ஒருவன் நொந்துகொள்ளும் பாடல் அது. இசையமைத்தவர் பலீஃக் ஹம்தி. அப்போது அவர் இளைஞர். பின்னாளில் உம்மு குல்ஸூமுக்காக 1960-இல் 'ஹுப் ஈஹ்' பாடலுக்கும், 1969-இல் 'அல்ஃப் லைலா வ லைலா' பாடலுக்கும் இசையமைத்து அரபுலகம் முழுவதும் புகழ்பெற்றார். 1993-இல் மறைந்தார்.

1999-ஆம் ஆண்டின் இறுதியில், ஜே-ஸி என்ற பெயரால் அறியப்படும் அமெரிக்க ராப் பாடகர் வெளியிட்ட தொகுப்பில் 'பிக் பிம்பின்' என்னும் பாடல் இடம்பெற்றது. அதன் இசையை உருவாக்கியவர் டிம்பலண்ட். குஸாராவின் இன்னிசைக் கூறு ஒன்று அப்பாடலில் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. அதை யாருக்கும் உரிமையில்லாத பொதுச்சொத்து என்றே தாம் முதலில் கருதியதாக டிம்பலண்ட் பின்னர்ச் சாட்சியம் அளித்தார். உரிமைக் கேள்வி எழுந்ததும், பாடலின் வெளிநாட்டு உரிமை தம்மிடம் உள்ளதெனக் கூறிய இ.எம்.ஐ. நிறுவனத்தின் அரபுக் கிளைக்கு 2001-இல் 1,00,000 டாலர் தரப்பட்டது. எடுத்தவர்கள் தரப்பில் விவகாரம் அத்துடன் முடிந்தது.

பலீஃக் ஹம்தியின் வாரிசுகளுக்கு அது முடியவில்லை. புதிய பாடலின் பொருளே அதற்குக் காரணம். பெண்களை விலைப்பொருளாக்கி அவர்களால் ஆதாயம் அடைவதைப் பெருமையாகப் பேசும் வரிகள் அவை. அவற்றின் தரத்தைக் குறித்து நாம் தீர்ப்புக் கூற வேண்டியதில்லை. அவ்வரிகளை அச்சில் பார்த்தபோது தமக்கே அவை பொறுக்க முடியாதனவாக இருந்தன என்ற கருத்துப்பட 2010-இல் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நேர்காணலில் அப்பாடகரே வருந்தியிருக்கிறார்.

இசையமைப்பாளரின் உடன்பிறந்தார் மகனும் வாரிசுகளில் ஒருவருமானவர் 2007-இல் கலிஃபோர்னியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அவருடைய வாதம் நுட்பமானது. ஒரு பாடலை வெளியிட அனுமதி பெறுவது வேறு. அதைச் சிதைத்து வேறொன்றாக ஆக்க அனுமதி பெறுவது வேறு. எகிப்தியச் சட்டப்படி பின்னதற்குப் படைப்பாளியின் இசைவு வேண்டும். அவர் இல்லாதபோது வாரிசின் இசைவு வேண்டும். அந்த இசைவை எவரும் கேட்கவில்லை என்பதே அவரது முறையீடு.

2015 அக்டோபரில் விசாரணை நடந்தது. ஜூரிகள் அமர்ந்தனர், பாடகரும் இசையமைப்பாளரும் சாட்சிக் கூண்டில் ஏறினர். ஆனால், ஜூரிகள் தம் கருத்தைக் கூறும் கட்டம் வரவேயில்லை. வழக்குத் தொடுக்கும் தகுதி வாதிக்கு இல்லை என்று கூறி நீதிபதி கிறிஸ்டினா ஸ்னைடர் வழக்கை முடித்துவைத்தார். 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

மேல்முறையீட்டுத் தீர்ப்பின் காரணங்கள் மூன்று. ஒன்று: 2002-இல் எகிப்திய இசை வணிகர் ஒருவருக்குப் பாடலின் பொருளியல் உரிமைகளை வாதி எழுதிக் கொடுத்துவிட்டார், மாற்றியமைக்கும் உரிமையும் அவற்றுள் அடங்கும். இரண்டு: எகிப்தியச் சட்டப்படி அவரிடம் எஞ்சியிருப்பது தார்மிக உரிமை, அதை அமெரிக்க நீதிமன்றத்தில் நிலைநாட்ட இயலாது. மூன்று: ராயல்டி பெறும் உரிமையை மட்டும் வைத்திருப்பவர், அதைக் கொண்டு பதிப்புரிமை மீறல் வழக்கைத் தொடுக்க முடியாது.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இசை திருடப்படவில்லை என்று எந்த நீதிமன்றமும் கூறவில்லை. திருடப்பட்டதா என்று கேட்கும் உரிமை உமக்கில்லை என்றே வாதியிடம் கூறப்பட்டது. பதினோர் ஆண்டுகள் நடந்த வழக்கில், எதற்காக வழக்குத் தொடுக்கப்பட்டதோ அந்த வினாவுக்கு விடை கிடைக்கவில்லை.

மாலும் அதபும்

எகிப்தின் 2002-ஆம் ஆண்டு 82-ஆம் எண் சட்டம் படைப்பாளியின் உரிமையை இரண்டாகப் பகுக்கிறது. முதலாவது 'அல்ஹக்குல் மாலீ', அதாவது பொருளியல் உரிமை. அச்சிடுதல், ஒலிபரப்புதல், மொழிபெயர்த்தல், மாற்றியமைத்தல் முதலானவற்றால் வருவாய் ஈட்டும் உரிமை இது. இதை விற்கலாம், ஆனால், எழுத்து வடிவில் விற்க வேண்டும். எந்தெந்த உரிமை, எவ்வளவு காலத்துக்கு, எவ்விடத்துக்கு, எந்நோக்கத்துக்கு என்பனவும் அதில் குறிக்கப்பட வேண்டும். படைப்பாளி மறைந்து 50 ஆண்டுகள் இவ்வுரிமை நீடிக்கும். அக்கணக்கின்படி பலீஃக் ஹம்தியின் இசை 2043 வரை காக்கப்பட்டதாகும்.

இரண்டாவது 'அல்ஹக்குல் அதபீ'. ஆக்கத்தை முதன்முதல் வெளியிடுவதா வேண்டாமா எனத் தீர்மானித்தல், ஆக்கம் தம் பெயரோடு இணைக்கப்பட வேண்டுமெனக் கோருதல், தாம் சிதைவெனக் கருதும் மாற்றத்தைத் தடுத்தல் ஆகியவை இதனுள் அடங்கும். இவ்வுரிமைக்குக் காலவரையறை இல்லை. இதை விற்கவும் முடியாது. விட்டுக்கொடுத்தாலும் அது செல்லாது. படைப்பாளிக்கு வாரிசோ அவரால் நியமிக்கப்பட்டவரோ இல்லையெனில் உரிய அமைச்சகமே அதைக் கையாளும் எனவும் அச்சட்டம் கூறுகிறது.

தமிழில் இதைத் தார்மிக உரிமை என்கிறோம். அரபுச் சட்டத்தார் தேர்ந்த சொல் இன்னும் செறிவானது. 'அதப்' என்பது இலக்கியத்தையும் குறிக்கும், நன்னடத்தையையும் குறிக்கும். விருந்தினரை வரவேற்கும் பண்பும், கவிதையை அறியும் திறனும் அரபு மொழியில் ஒரே பெயரைப் பெற்றிருக்கின்றன. எனவே 'ஹக்குல் அதபீ' என்று கூறும்போது, இலக்கியம் சார்ந்த உரிமை என்ற பொருளுடன், கலைஞரிடம் நாம் காட்ட வேண்டிய மரியாதை என்ற பொருளும் சேர்ந்தே ஒலிக்கிறது.

பெர்ன் உடன்படிக்கையில் 1928-ஆம் ஆண்டு ரோம் திருத்தத்தின்போது தார்மிக உரிமை சேர்க்கப்பட்டது. எகிப்து 1977-இல் அவ்வுடன்படிக்கையில் இணைந்தது. அமெரிக்கா 1989-இல்தான் இணைந்தது. அப்போதும் தார்மிக உரிமைக்கெனத் தனிச் சட்டம் தேவையில்லை, இருக்கும் சட்டங்களே போதும் என்ற நிலைப்பாட்டை மேற்கொண்டது. 1990-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று ஓவியம், சிற்பம் முதலிய காட்சிக் கலைகளுக்கு மட்டும் வரம்புக்குட்பட்ட பாதுகாப்பு அளித்தது. இசைக்கு அப்பாதுகாப்பு இல்லை. உலக வர்த்தக அமைப்பின் 'டிரிப்ஸ்' உடன்பாடும் பெர்ன் விதிகளை ஏற்றுக்கொண்டபோது, தார்மிக உரிமையைக் கூறும் விதியை மட்டும் கட்டாயமாக்காமல் ஒதுக்கிவைத்தது. வணிகம் எந்த உரிமையை எல்லை கடத்திச் சென்றது, எதைச் சுங்கச் சாவடியிலேயே நிறுத்தியது என்பது இதனால் விளங்கும்.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் மறைக்காமல் கூறுதல் முறை. வாதி கையொப்பமிட்டே உரிமையை விற்றார். விற்றபோது 'பிக் பிம்பின்' வெளியாகி ஏறத்தாழ இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. வீட்டை விற்றவன், வாங்கியவன் சுவருக்குப் பூசும் வண்ணத்தைக் குறைகூறலாமா என்று கேட்பதில் பொருளுண்டு. விற்றவர் வேண்டும்போதெல்லாம் தலையிடலாம் என்றால் வாங்குவோர் யாரும் இரார். அதனால் நட்டம் கலைஞனுக்கே. தகுதியுடையவரே வழக்குத் தொடுக்க வேண்டும் என்ற விதியும் நமக்குப் புதிதன்று. மனிதர்க்குரிய உரிமைகளில், அதாவது 'ஹுகூகுல் இபாத்' விவகாரங்களில், உரியவர் முறையிட்டாலன்றி காழி விசாரிப்பதில்லை. அல்லாஹ்வின் உரிமை சார்ந்தவற்றில் மட்டுமே 'ஹிஸ்பா' என்ற முறையில் யாரும் முறையிடலாம். ஆகவே, அமெரிக்க நீதிமன்றம் தன் சட்டத்துக்குள் நின்று பார்த்தவரை நேர்மையாகவே நடந்துகொண்டது எனலாம். குறை, அச்சட்டம் எதைப் பார்க்கத் தவறியது என்பதில்தான் உள்ளது.

நஸ்க், மஸ்க், ஸல்க்

அது பார்க்கத் தவறியதைப் பார்க்கக் கற்றுத்தரும் பாடமொன்று நம் மதரஸாக்களில் உண்டு. அரபு அணியிலக்கணம் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் கஸ்வீனீயின் 'தல்கீஸுல் மிஃப்தாஹ்' நூலையும் அதற்குத் தஃப்தாஸானீ எழுதிய விரிவுரையையும் அறிவர். அந்நூலின் இறுதிப்பகுதி கவிதைத் திருட்டைப் பற்றியது. பெரும்பாலும் ஆண்டிறுதி அவசரத்தில் விடுபட்டுப்போகும் பகுதி அது. இவ்வழக்கைப் படித்தபின் அதை விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

வீரம், கொடை முதலிய பொதுப்பொருள்களையும், யாவரும் அறிந்த உவமைகளையும் எடுத்தாள்வது திருட்டாகாது என்று அந்நூல் முதலில் வரையறுக்கிறது. 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம், கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, கருத்தை வெளிப்படுத்திய வடிவத்துக்கே உண்டு என்று கூறியது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள நெருக்கம் வியப்பூட்டுவது.

பின்னர் வகைகள் கூறப்படுகின்றன. சொல்லும் பொருளும் அப்படியே எடுக்கப்பட்டால் அது 'நஸ்க்', அதாவது படியெடுத்தல். இது தெளிவான திருட்டு. அமைப்பை மாற்றியோ, சொற்களில் ஒரு பகுதியை மட்டும் கொண்டோ ஆளப்பட்டால் அது 'மஸ்க்'. பொருள் மட்டும் உரித்தெடுக்கப்பட்டால் அது 'ஸல்க்'. 'மஸ்க்' வகையில் இரண்டாமவரின் ஆக்கம் முன்னதைவிடச் சிறந்திருந்தால் அவர் பாராட்டுக்குரியவர்; தாழ்ந்திருந்தால் பழிக்குரியவர்; சமமாயின் சிறப்பு முன்னவருக்கே உரியது என்பது அந்நூலின் தீர்வு. எடுத்தார் என்பதோடு அந்நூல் நின்றுவிடவில்லை. எடுத்து என்ன செய்தார் என்றும் கேட்கிறது.

'மஸ்க்' என்னும் சொல்லுக்கு, ஓர் உருவத்தை அதனினும் இழிந்த உருவமாக மாற்றுதல் என்பது அகராதிப் பொருள். குஸாராவுக்கு நேர்ந்ததை இச்சொல்லைவிடப் பொருத்தமாகக் கூற இயலாது. பிரிவை எண்ணி வருந்தும் ஒருவனின் ஏக்கத்தைத் தாங்கிநின்ற இசை, பெண்ணை இழப்பாகவே கருதாத ஒருவனின் செருக்குக்குப் பின்னணியாகியது. 'டிம்பலண்ட் திறமையான கலைஞர். அந்தத் தாளக்கட்டு அவருடைய சொந்த உழைப்பு. உலகெங்கும் இளைஞர் அதை விரும்பினர்' என்று வாதிடலாம். அது உண்மையே. தல்கீஸின் அளவுகோலை வைத்தாலும் தாள நுட்பத்துக்காக அவரை ஓரளவு பாராட்டலாம். ஆனால், இசை எந்த உணர்வைச் சுமக்கப் பிறந்ததோ அவ்வுணர்வு அங்கே தலைகீழாக்கப்பட்டது. இரண்டாமது முன்னதைவிட உயர்ந்தது என்று அதை இயற்றியவர்களே கூறமாட்டார்கள் என்பதற்கு 2010-ஆம் ஆண்டு நேர்காணல் சான்று. 1,00,000 டாலர் செலுத்தியதால் 'நஸ்க்' குற்றம் நீங்கியிருக்கலாம். 'மஸ்க்' குற்றம் நீங்கவில்லை.

ஃபிக்ஹ் என்ன கூறும்?

'இசையே விவாதத்துக்குரியதாக இருக்க, அதன் திருட்டைப் பற்றி மார்க்க அறிஞர் ஏன் பேச வேண்டும்?' என்று வாசகர் சிலர் வினவலாம். இவ்வினாவை நம் முன்னோர் என்றோ எதிர்கொண்டனர். ஒருவருடைய வீணையைப் போன்ற நரம்புக் கருவியை மற்றொருவர் உடைத்துவிட்டால் ஈடு தர வேண்டுமா என்பது 'ஹிதாயா' நூலில் அபகரிப்பைப் பற்றிய இயலில் ஆராயப்பட்டுள்ளது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) ஈடு தர வேண்டும் என்கிறார்; கேளிக்கைக்குரிய கருவி என்ற மதிப்பில் அல்லாமல், அதைத் தவிர்த்த மதிப்பில் ஈடு கணக்கிடப்படும். அவருடைய மாணவர் இருவரும் ஈடு தேவையில்லை என்கின்றனர். ஒரு பொருளை விரும்பாமை, அதை அபகரிப்பதற்கான உரிமமாகாது என்ற உணர்வு மூத்த இமாமின் கூற்றில் உள்ளது. மேலும், இங்கே கூறப்படும் நெறி இசைக்கு மட்டும் உரியதன்று. நூல், ஓவியம், கையெழுத்துக் கலை, புகைப்படம் யாவற்றுக்கும் பொருந்தும்.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கையால் தொட முடியாத ஆக்க உரிமை ஒரு 'மால்' ஆகுமா? பொருளின் பயன்பாடு, அதாவது 'மன்ஃபஅத்', தனக்குத்தானே 'மால்' அன்று என்பது ஹனஃபி மத்ஹபின் பழைய நிலை. ஆகவே, ஒருவருடைய பொருளை அபகரித்துப் பயன்படுத்தியவர் பயன்பாட்டுக்காக வாடகை தர வேண்டியதில்லை என்றனர். ஆனால், பிற்கால ஹனஃபி அறிஞர்கள் மூன்று விதிவிலக்குகளை ஏற்படுத்தினர்: வக்ஃபு சொத்து, அனாதையின் சொத்து, வருவாய் ஈட்டுவதற்கென்றே ஆயத்தம் செய்யப்பட்ட சொத்து. ஷாஃபியீ மத்ஹபிலோ பயன்பாடும் 'மால்' ஆகும். அபகரித்தவர் 'உஜ்ரத்துல் மிஸ்ல்', அதாவது அதையொத்ததற்கு வழங்கும் கூலியைத் தந்தாக வேண்டும். பதிப்பித்து உரிமம் வழங்குவதற்கென ஆக்கப்பட்ட நூலும் இசையும் வருவாய்க்கென ஆயத்தம் செய்யப்பட்ட சொத்தை ஒத்திருப்பதால், இரு மத்ஹபுகளின் வழியாகவும் ஈட்டுக் கடமையை நிறுவ இடமிருக்கிறது என்பது என் கருத்து.

துணைக்கண்டத்து அறிஞரிடையே இதில் கருத்து வேறுபாடு நிலவியது. முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) பதிப்புரிமையை ஏற்கவில்லை. அறிவைப் பூட்டி வைப்பதாகுமே என்ற அச்சம் அத்தகைய அறிஞரிடம் இருந்தது, அது புறக்கணிக்கத்தக்கதன்று. அவருடைய மகனார் முஃப்தி தகீ உஸ்மானீ அதை ஏற்கும் பக்கம் சாய்ந்தார். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, நூலாசிரியரின் உரிமையும் கண்டுபிடிப்பாளரின் உரிமையும் மார்க்கத்தால் காக்கப்பட்டவை, அவற்றின்மீது வரம்பு மீறலாகாது எனத் தன் 43-ஆம் தீர்மானத்தில் முடிவு செய்தது.

இமாம் கராஃபீ (ரஹ்) 'அல்ஃபுரூக்' நூலில் எழுப்பும் வேறுபாடு இவ்வழக்கின் நடுவில் வந்து நிற்கிறது. இறந்தவரின் செல்வத்துடன் இணைந்த உரிமைகள் வாரிசுக்கு வரும். அவருடைய அறிவோடும் விருப்போடும் இணைந்தவை வாரா. ஏனெனில் வாரிசு அவருடைய செல்வத்துக்கு வாரிசாகிறாரேயன்றி அறிவுக்கு அன்று. பதிப்புரிமையை மறுப்பதற்காகச் சிலர் இக்கருத்தைக் காட்டினர். நானோ இதை வேறு விதமாகக் காண்கிறேன். விற்பதற்கு வாரிசிடம் இருந்தது செல்வம் மட்டுமே. பலீஃக் ஹம்தியின் உள்ளத்திலிருந்து வந்த அந்த ஏக்கம் வாரிசுக்குச் சொந்தமாகவேயில்லை. எனவே அதை அவர் விற்றிருக்கவும் முடியாது. அவரிடம் இருந்தது அதைக் காக்கும் அமானிதம் மட்டுமே. எகிப்தியச் சட்டம் வாரிசு இல்லாதபோது அமைச்சகத்தை நியமிப்பதும் இக்கருத்தோடு ஒத்துப்போகிறது.

இறுதியாக, நம் சட்டமரபில் 'களாஅன்', 'தியானத்தன்' என்ற பாகுபாடு அடிப்படையானது. முன்னது நீதிமன்றத்தில் செல்லும் தீர்ப்பு. பின்னது இறைவனுக்கும் அடியானுக்கும் இடையிலுள்ள நிலை. சான்றுகளின்படி தீர்ப்புப் பெற்றாலும், தன்னுடையதல்லாத ஒன்று தீர்ப்பினால் மட்டும் தனக்கு ஆகுமானதாகிவிடாது என்பதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்திருக்கிறார்கள். வழக்கு தள்ளுபடியானதும் எதிர்த்தரப்பின் கடமை நீங்கிவிட்டதாகக் கருதுவோர் இப்பாகுபாட்டை மறக்கின்றனர். அமெரிக்கத் தீர்ப்பு 'களா' அளவில் நின்றது. எடுத்தது சரியா என்ற கேள்வி இன்னும் அவரவர் மனச்சான்றின் முன் நிற்கிறது.

நம் நாட்டுச் சட்டம்

குஸாரா வெளிவந்த அதே 1957-இல்தான் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 57-ஆம் பிரிவு, பதிப்புரிமையை விற்றபின்னும் ஆசிரியரிடம் நிலைக்கும் சிறப்புரிமைகளைக் கூறுகிறது. ஆக்கம் தம்முடையது என உரிமை கோருவதும், தம் கண்ணியத்துக்கு ஊறுவிளைக்கும் சிதைவைத் தடுத்து ஈடு கேட்பதும் அவை. அனுமதியின்றி அறிந்தே பதிப்புரிமையை மீறுவோர்க்கு 63-ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

57-ஆம் பிரிவுக்கு உயிர் கொடுத்த வழக்கு சிற்பி அமர்நாத் சேகலுடையது. தில்லி விஞ்ஞான் பவனின் சுவரில் 140 அடி நீளமும் 40 அடி உயரமும் கொண்ட வெண்கலப் புடைப்புச் சிற்பத்தை அரசுக்காக அவர் அமைத்தார். 1979-இல் கட்டடச் சீரமைப்பின்போது அவரிடம் கேளாமலே அது பெயர்த்தெடுக்கப்பட்டுக் கிடங்கில் போடப்பட்டது, பகுதிகள் சிதைந்தன. 1992-இல் அவர் வழக்குத் தொடுத்தார். சிற்பத்துக்கு விலை கொடுத்துவிட்டோம், அது எங்கள் உடைமை என்றது அரசு. 2005-இல் தில்லி உயர்நீதிமன்றம், உடைமை அரசினதாயினும் சிற்பியின் சிறப்புரிமை மீறப்பட்டது என முடிவு செய்தது. எஞ்சிய பகுதிகளை அவரிடமே திருப்பித் தரவும், 5 லட்சம் ரூபாய் ஈடு வழங்கவும் ஆணையிட்டது. குஸாரா வழக்கில் கேட்கப்படாமலே போன வினா தில்லியில் கேட்கப்பட்டு விடையும் பெற்றது.

2012-ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் ஓரடி முன்வைத்தது. திரைப்படத்தில் இடம்பெறும் பாடலின் ஆசிரியரும் இசையமைப்பாளரும், திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது நீங்கலான ஏனைய பயன்பாடுகளுக்கான ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை, தம் சட்டபூர்வ வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறெவருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. வறுமையில் இடும் கையொப்பத்திலிருந்து கலைஞனை அவன் கையிலிருந்தே காப்பாற்றும் ஏற்பாடு இது.

நம் இல்லத்தில்

பிறர் தீர்ப்பை ஆராய்ந்த நாம் நம் இல்லத்தையும் நோக்க வேண்டும். தமிழ் முஸ்லிம்களின் இல்லங்களில் பல ஆண்டுகளாக ஒலித்த இஸ்லாமியப் பாடல் ஒலிநாடாக்களை எண்ணிப் பாருங்கள். பாடியவரின் பெயர் நம் நினைவில் இருக்கிறது. எழுதியவர் பெயரும் இசையமைத்தவர் பெயரும் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு நாடாவிலிருந்து இன்னொன்றாக அவற்றைப் படியெடுத்துப் பகிர்ந்தபோது, 'தீனுக்காகத்தானே' என்ற ஒரே சொல்லில் நம் மனம் அமைதியடைந்தது. இன்று கைப்பேசியில் அதே செயல் நொடியில் நிகழ்கிறது. உயிரோடிருக்கும் ஆசிரியரின் நூல் வருடப்பட்டு, அட்டையும் பெயரும் நீக்கப்பட்டுப் பரப்பப்படுகிறது. வெள்ளிமேடை உரைக்கு அதிலிருந்து குறிப்பெடுப்பவர், யாருடைய ஆராய்ச்சி என்று கூறுவதில்லை. அறிவைப் பூட்டக்கூடாது என்ற முன்னோரின் அச்சத்தை நாம் கவசமாக்கிக்கொண்டோம். ஆனால், அறிவைத் திறந்துவைப்பதற்கும் அறிஞரின் பெயரை அழிப்பதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஹதீஸை அறிவிப்பவர் தமக்கு அறிவித்தவரின் பெயரைக் கூறாவிட்டால் அறிவிப்பையே ஐயுற்ற சமுதாயம் நம்முடையது.

இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தி (ரஹ், இறப்பு ஹிஜ்ரி 911, கி.பி. 1505) நூலாசிரியருக்கும் திருடருக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுவதற்கென்றே 'அல்ஃபாரிக் பைனல் முஸன்னிஃப் வஸ்ஸாரிக்' என்றொரு சிறுநூல் எழுதினார். அவருடைய சமகாலத்தவரும், 'அல்மவாஹிபுல் லதுன்னிய்யா' நூலாசிரியருமான இமாம் கஸ்தல்லானீ (ரஹ், இறப்பு ஹிஜ்ரி 923, கி.பி. 1517) மீதும் அவருக்கு மனக்குறை இருந்ததாகச் சரித நூல்கள் கூறுகின்றன. விவகாரம் ஷைகுல் இஸ்லாம் ஸகரிய்யா அல்அன்ஸாரியின் முன் சென்றது. கஸ்தல்லானீ தம் நூலில் பைஹகீயை மேற்கோள் காட்டியிருந்தார். பைஹகீயின் நூல்கள் பல. அவற்றுள் எதில் அச்செய்தி இருக்கிறது என்று ஸுயூத்தி வினவினார். விடை வரவில்லை. அச்செய்தியை அவர் தம் நூலிலிருந்தே எடுத்தார் என்பதும், 'ஸுயூத்தி பைஹகீயிடமிருந்து எடுத்துக் கூறுகிறார்' என்று எழுதியிருக்க வேண்டும் என்பதுமே ஸுயூத்தியின் வாதம். பணம் எதையும் அவர் கேட்கவில்லை. சங்கிலியில் தம் கண்ணி விடுபட்டதே அவரது குறை.

பின்னர் ஒருநாள் கஸ்தல்லானீ கெய்ரோவிலிருந்து, நைல் நதித் தீவான ரவ்ளாவிலிருந்த ஸுயூத்தியின் இல்லத்துக்கு வெறுங்காலோடு நடந்து சென்றார். கதவைத் தட்டினார். யாரென்று உள்ளிருந்து கேட்கப்பட்டது. தம் பெயரைச் சொல்லி, தங்கள் மனம் என்மீது தெளிவடைவதற்காகக் காலணியின்றித் தலைதிறந்து வந்திருக்கிறேன் என்றார். தம் மனம் தெளிந்துவிட்டது என்று உள்ளிருந்து விடை வந்தது. கதவு மட்டும் திறக்கப்படவில்லை.